எவ்வளவுக்கு எடுத்தீங்க?

கல்யாண மண்டபத்தில் பந்திக்குக் காத்திருக்கும்போதுதான் பெரும்பாலும் இந்தக் கேள்வி வரும். பக்கத்து நாற்காலியில் இருப்பவர் உங்கள் முந்தானையை இரண்டு விரலால் எடுப்பார், புரட்டி உள்பக்கம் பார்ப்பார், ஜரிகையைத் தடவுவார். "நல்லா இருக்கே, எங்க எடுத்தீங்க?" என்பார். நீங்கள் கடைப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்தது வந்து நிற்கும்: "எவ்வளவு ஆச்சு?"

சம்பளம் எவ்வளவு, குழந்தை எப்போது என்ற கேள்விகளிலிருந்து நழுவும் வழிகளை முந்தைய அத்தியாயங்களில் பார்த்தோம். துணி விலைக் கேள்வியை அந்த வரிசையில் சேர்க்க எனக்கு மனமில்லை. நம் ஊரில் இது அத்துமீறல் அல்ல. கேட்பவரைப் பண்பு தெரியாதவர் என்று நினைத்து முகம் சுளிப்பவர்கள் அண்மைக் காலமாகக் கூடியிருக்கிறார்கள். அவர்கள் அந்தச் சுளிப்பை வேறு எங்கோ கற்றுக்கொண்டு வந்தவர்கள். கேள்விக்குப் பின்னால் உள்ள சந்தையைப் பார்த்தால் கேட்பதில் நியாயம் இருப்பது தெரியும்.

மேசையில் விரித்துப் போட்டால் ஒன்றுபோலத் தெரியும் இரண்டு பட்டுப் புடவைகளில் ஒன்று 4,000 ரூபாயும் மற்றொன்று 24,000 ரூபாயும் இருக்கலாம். கைத்தறியா விசைத்தறியா, உடலையும் கரையையும் தனித்தனி நிறத்தில் கோர்வை போட்டு இணைத்ததா ஒரே ஓட்டமாக நெய்ததா, ஜரிகையில் வெள்ளி இருக்கிறதா அல்லது பளபளக்கும் பிளாஸ்டிக் இழையா என்பதையெல்லாம் பொறுத்து விலை மாறும். கோர்வைக்கு மூன்று நாடா ஓட வேண்டும். நெய்பவருக்குப் பக்கத்தில் கரைக்கான நாடாவைத் தள்ள இன்னோர் ஆள் உட்கார வேண்டும். அந்தக் கூலியெல்லாம் வாங்குபவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. சில்க் மார்க் முத்திரை, இழை சுத்தப் பட்டு என்று மட்டும் சொல்லும். ஜரிகையைப் பற்றி அது வாய் திறக்காது.

இதற்கு மேல் இடத்துக்கு இடம் விலை மாறுகிறது. காஞ்சிபுரத்தில் நெசவாளர் கூட்டுறவுச் சங்கக் கடையில் ஒரு விலை, அதே ஊர் காந்தி ரோட்டில் ஒரு விலை, தி.நகர் உஸ்மான் ரோட்டில் கட்டட வாடகையும் ஏ.சி. கரண்டும் சேர்ந்து இன்னொரு விலை. வெளியூர் காரைப் பார்த்ததும் "நெய்யுறவங்க வீட்டுக்கே கூட்டிட்டுப் போறேன்" என்று வரும் தரகரின் கமிஷனும் எங்கேயோ ஏறி உட்கார்ந்திருக்கும். ஆடித் தள்ளுபடியில் எதிலிருந்து எதைத் தள்ளினார்கள் என்பது கடைக்காரருக்கு மட்டுமே வெளிச்சம். இப்படிப்பட்ட சந்தையில் வாங்கப்போகும் ஒருவருக்கு இருக்கும் நம்பகமான தகவல், தனக்குத் தெரிந்தவர் கையிலிருந்து எவ்வளவு போனது என்பதுதான். பந்திக்குக் காத்திருக்கும் அந்தப் பெண்மணிக்குத் தை மாதம் வீட்டில் விசேஷம் இருக்கலாம். அவர் ஆய்வு செய்கிறார்.

ஆகவே இந்த நூலின் பொது அறிவுரை இது: கேட்டால் சொல்லிவிடுங்கள். சொல்லக் கூடாத இடங்கள் சில உண்டு, பின்னால் வருகின்றன. மற்ற இடங்களில் நழுவுவதுதான் மரியாதைக் குறைவு.

சொல்லும் விதம்

ரவுண்டாகச் சொல்லுங்கள். "ஆறாயிரத்து நானூத்தி எண்பத்தஞ்சு" என்று சொல்பவர் பில்லைக் கையோடு கொண்டுவந்தவர் மாதிரி இருப்பார். "ஆறரை ஆச்சு" என்றால் போதும். சரியாகச் சொல்லத் தயக்கம் இருந்தால் "ஆறு ஏழுக்குள்ள வந்துச்சு" என்று ஓர் எல்லைக்குள் நிறுத்தலாம். கேட்டவருக்கு வேண்டியது கிடைத்துவிடும், உங்களுக்கும் கூச்சம் குறையும். "அவ்வளவு ஒண்ணும் இல்ல" என்பது மட்டும் வேண்டாம். அது பதிலைப் போல ஒலிக்கும், ஆனால் கேட்டவரை ஏலம் கேட்க அழைக்கிறது. "மூவாயிரம் இருக்குமா?" "இல்ல." "அஞ்சு?" நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

இதன் உடன்பிறப்பு "நீங்களே சொல்லுங்க பார்ப்போம்." தயவுசெய்து இந்த விளையாட்டில் இறங்காதீர்கள். அவர் குறைத்துச் சொன்னால் நீங்கள் ஏமாளியாகிறீர்கள், கூட்டிச் சொன்னால் அவருக்குத் துணி தெரியாது என்றாகிவிடுகிறது. சரியாகச் சொல்லிவிட்டால்கூட யாருக்கும் சந்தோஷம் இல்லை.

சொல்லும் தொகையில் என்னென்ன சேர்த்தி என்பதையும் சொன்னால் கேட்டவருக்கு உண்மையிலேயே உதவி. இன்றைய கல்யாணங்களில் புடவையை ஜாக்கெட் முந்திவிடுகிறது. மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய்ப் புடவைக்கு ஆரி வேலைப்பாட்டோடு நாலாயிரம் ரூபாய்க்கு ஜாக்கெட் தைத்துப் போடுவது இப்போது சாதாரணம். மண்டபத்து வெளிச்சத்தில் எல்லோர் கண்ணும் அந்தக் கைமுட்டு வேலைப்பாட்டில்தான் இருக்கும், புகழெல்லாம் புடவைக்குப் போகும். "புடவை மூணரைதான், ஜாக்கெட்தான் இழுத்துருச்சு" என்று பிரித்துச் சொல்லுங்கள். ஃபால்ஸ் தைத்தது, குஞ்சம் கட்டியது எல்லாம் கணக்கில் வேண்டாம். அவற்றைச் சேர்க்க ஆரம்பித்தால் பேச்சு தையற்காரர் எப்போதும் சொன்ன தேதிக்குத் தருவதில்லை என்பதில் போய் முடியும். அப்படி முடிந்தாலும் நல்லதுதான், விலை மறந்துபோகும்.

பட்டுக்கு வாங்கிய ஆண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். 2025-இல் மட்டும் வெள்ளி விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. அசல் ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன்முலாம் ஏற்றியது. வெள்ளி ஏறினால் புடவையும் ஏறும். ஐந்து வருடத்துக்கு முந்தைய விலையை ஆண்டு சொல்லாமல் சொன்னீர்கள் என்றால், கேட்டவர் அதை நம்பிப் பணம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் வாசலில் திகைத்து நிற்பார். "அப்போ பதினெட்டு, இப்போ என்ன சொல்றாங்களோ" என்பது நேர்மையான பதில்.

தள்ளுபடியில் எடுத்திருந்தால் அதையும் சொல்லிவிடுவது நல்லது. கோ-ஆப்டெக்ஸில் தீபாவளிக்கு 30 சதவீதம் தள்ளிக் கொடுப்பார்கள். பில்லின் மேலே ஒரு தொகையும் கீழே ஒரு தொகையும் இருக்கும். கேட்பவருக்குக் கீழ்த்தொகை, கடைக்குப் போகிற வழியில் மனத்தில் வைத்துக்கொள்ள மேல்தொகை என்று இரண்டும் வேண்டும். 1935-இல் தொடங்கிய அந்தக் கூட்டுறவுச் சங்கம் அரசு ஊழியர்களுக்குத் தவணையில் கடன் விற்பனையும் செய்கிறது. பள்ளி ஆசிரியர் அறைகளில் யார் எவ்வளவுக்கு எடுத்தார் என்பது ரகசியமாக இருந்ததே இல்லை. அங்கே விலை கேட்பதைப் பற்றி எந்த வழிகாட்டி நூலும் தேவைப்பட்டதில்லை.

பாட்டிகளுக்குத் தனிச் சலுகை. எண்பது வயதுப் பெரியவர் கேட்டால் உண்மையான தொகையை முழுதாகச் சொல்லுங்கள். அவர் நெஞ்சில் கை வைத்து, தன் முகூர்த்தப் புடவை எத்தனை ரூபாய் என்று சொல்லி, அந்தக் காலத்தில் அதற்கே மாமனார் எப்படி முணுமுணுத்தார் என்று ஆரம்பிப்பார். அதிர்ச்சி அடைவது அவருக்குப் பிடித்தமான விஷயம். அவர் மனம் நோகும் என்று பாதியாகக் குறைத்துச் சொல்லி அந்தக் கதையைக் கெடுத்துவிடாதீர்கள்.

குறைத்துச் சொல்வதில் உள்ள ஆபத்து

மாமியாருக்கு ஒரு விலை, கணவனுக்கு ஒரு விலை, அண்டைவீட்டுக்கு ஒரு விலை என்று மூன்று விலைப் பட்டியல் வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. இதில் ஒழுக்கக் கேள்வியை நான் எழுப்பவில்லை. நடைமுறைச் சிக்கல்தான். 4,500 ரூபாய்ப் புடவையை 1,800 என்று நாத்தனாரிடம் சொன்னீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் காலை அவர் 3,600 ரூபாயை உங்கள் கையில் வைத்து, "அண்ணி, அதே மாதிரி ரெண்டு எடுத்துட்டு வந்துருங்க, ஒண்ணு பச்சை, ஒண்ணு மாம்பழக் கலர்" என்பார். இனி உங்களுக்கு இரண்டே வழி. சேர வேண்டிய 5,400 ரூபாயைக் கைக்காசு போட்டு எடுத்துத் தரலாம், அல்லது கடையில் சரக்கு தீர்ந்துவிட்டது என்று இரண்டாவது பொய்யைச் சொல்லிவிட்டு, அவர் எந்தச் சனிக்கிழமை அந்தக் கடைக்கே போவார் என்று கவலைப்பட்டுக்கொண்டிருக்கலாம். பெரும்பாலோர் இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

கூட்டிச் சொல்பவர்களும் இருக்கிறார்கள், ஆண்கள் இதில் கொஞ்சம் அதிகம். முந்தானையின் உள்பக்கத்தைப் பார்க்கத் தெரிந்த ஒரு பெரியம்மா அறையில் இருந்தால் அந்த முயற்சி அங்கேயே தோற்றது. அவர் எதுவும் சொல்ல மாட்டார். "ஓ" என்பார்.

உண்மையில் குறைந்த விலைக்கு எடுத்திருந்தால் கதையே வேறு. சேலம் பக்கத்து எலம்பிள்ளையில் 1,200 ரூபாய்க்கு எடுத்ததைப் பட்டு என்று நினைத்து நாலு பேர் புகழும்போது கிடைக்கும் ஆனந்தத்தை நான் யாரிடமிருந்தும் பறிக்க மாட்டேன். தாராளமாகச் சொல்லுங்கள். பக்கத்தில் இருப்பவர் அதே நிறத்தில் இருபதாயிரம் ரூபாய்ப் பட்டோடு உட்கார்ந்திருக்கிறாரா என்று மட்டும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால் அந்த ஆனந்தத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம்.

விலைக்கு அப்புறம் வரும் தீர்ப்பு

பலர் பயப்படுவது கேள்விக்கு அல்ல, அதற்கு அடுத்த வாக்கியத்துக்கு. "ஆறாயிரமா! நல்லா ஏமாத்திட்டான். இதையே எங்க மச்சினிச்சி மூவாயிரத்துக்கு எடுத்தா." இந்த இடத்தில் நீங்கள் கோர்வை, ஜரிகை, இழை எடை என்று வாதாட ஆரம்பித்தால் தோல்வி நிச்சயம். அவருடைய மச்சினிச்சி எடுத்தது வேறு துணியாக இருக்கலாம், அநேகமாக வேறு துணிதான். அதை நிரூபிக்க வேண்டுமானால் அந்த மச்சினிச்சியின் புடவையைக் குறை சொல்ல வேண்டும். ஆறாயிரத்துக்கு வாங்கிய நிம்மதிக்காக ஓர் உறவைச் செலவழிக்கலாமா?

இங்கே நன்றாக வேலை செய்யும் பதில், "அப்படியா! அடுத்த தடவை உங்களைக் கூட்டிட்டுதான் போகணும்." சொன்னவர் நிபுணராகிவிடுவார். அவருக்கு வேண்டியது அதுதான். அவர் உண்மையிலேயே உங்களோடு கடைக்கு வந்துவிடக் கூடிய ஆள் என்றால், "எனக்கு அந்தக் கலர் பிடிச்சிருச்சு, பேரம் பேச மனசு வரலை" என்று நிறுத்திக்கொள்ளுங்கள். பிடித்துப்போனது என்ற காரணத்தை எதிர்த்து இதுவரை யாரும் வென்றதில்லை.

கோபம் வந்தால்? சிலருடைய தீர்ப்பு தகவலுக்காக வருவதில்லை, உங்களைக் கொஞ்சம் மட்டம் தட்டத்தான் வருகிறது. ஒவ்வொரு விசேஷத்திலும் அதே ஆள் அதையே செய்கிறார் என்றால் அவருக்கு மட்டும் விலை சொல்வதை நிறுத்திவிடுங்கள். "மறந்துபோச்சு, வாங்கி நாளாச்சு" என்று சிரித்துக்கொண்டே சொல்லலாம். புதுப் புடவையின் மடிப்பு கலையாமல் இருந்தாலும் பரவாயில்லை. அவருக்குப் புரிய வேண்டியது புரியும்.

எண் சொல்லக் கூடாத இடங்கள்

முதலாவது, பிறந்த வீட்டிலிருந்து வந்த புடவை. தலைத் தீபாவளிக்கு அம்மா எடுத்துக் கொடுத்ததைக் கட்டிக்கொண்டு புகுந்த வீட்டில் நிற்கிறீர்கள். மாமியார் கேட்கிறார், ஓரகத்தி காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார். இங்கே விலை என்பது புடவையின் விலை அல்ல, உங்கள் அப்பா அம்மாவுக்குப் போடும் மதிப்பெண். எட்டாயிரம் என்றால் "பெரியவளுக்கு அவங்க வீட்ல பன்னெண்டுல எடுத்தாங்க" என்று வரும். பதினைந்து என்றால் அடுத்த வருடமும் அந்தக் கணக்கை எதிர்பார்ப்பார்கள். சொன்ன எண் எதுவானாலும் அது ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஏறிவிடும். நோட்டுப் புத்தகம் என்று நான் சொல்வது பல வீடுகளில் நிஜமான நோட்டுப் புத்தகம்.

"அம்மா எடுத்துக் கொடுத்தாங்க அத்தை, நான் விலை கேட்டுக்கலை" என்பது சரியான பதில். அது உண்மையாக இருக்க வேண்டுமானால் முன்கூட்டியே ஏற்பாடு வேண்டும். அம்மாவிடம் கேட்காதீர்கள், சொல்ல வந்தாலும் தடுத்துவிடுங்கள். கடையில் பில் போடும்போதே "வச்சுக் கொடுக்கிறதுக்கு, விலைச் சீட்டை எடுத்துடுங்க" என்றால் எடுத்துத் தருவார்கள். புடவை மடிப்புக்குள் செருகிய அட்டையையும் பார்க்கச் சொல்லுங்கள், அது அடிக்கடி தப்பிவிடும். மருமகள் தன் சம்பளத்தில் எடுத்த புடவை என்றால் நிலைமை வேறு: அங்கே நேராகத் தொகையைச் சொல்வதே நல்லது. ஒளித்தால், ஒளிக்க வேண்டிய செலவு என்று நீங்களே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஜாக்கெட் துணிக்கும் கணக்குக் கேட்பார்கள்.

இதே காரணத்துக்காகக் கூறைப்புடவையின் விலையையும் மண்டபத்தில் சொல்ல வேண்டாம். பல குடும்பங்களில் அது மாப்பிள்ளை வீட்டார் எடுப்பது. சம்பந்திகள் வரிசையில் ஒருவர் கேட்டால் மாப்பிள்ளையின் அம்மா, "பொண்ணையே கூட்டிட்டுப் போனோம், அவளுக்குப் பிடிச்சதை எடுத்துக் கொடுத்தோம்" என்று சொல்லலாம். விலையைப் போலவே பெருமையும் அதில் இருக்கிறது, ஆனால் யாரும் அதைத் திருப்பி எண்ண முடியாது.

இரண்டாவது கடினமானது. வீட்டு வேலைக்கு வரும் அம்மா கொடியில் காயும் புடவையைத் தொட்டுப் பார்த்து, "எவ்ளோக்கா இது?" என்கிறார். அவருக்கு மாதம் நீங்கள் கொடுப்பது 4,000 ரூபாய், புடவை 9,000. இங்கே பெரும்பாலான வீட்டுக்காரம்மாக்கள் சட்டென்று ஒரு பொய்யான எண்ணைச் சொல்லிவிடுவார்கள், அவர் மனம் கஷ்டப்படும் என்று. அந்த நினைப்பு பாதிதான் சரி. பட்டின் விலை அவருக்குத் தெரியாத விஷயம் இல்லை. தவணைக்காரரிடம் புடவை எடுத்து வாராவாரம் கட்டுபவர். மகள் கல்யாணத்துக்கு என்று தீபாவளிச் சீட்டோ நகைச் சீட்டோ போட்டுக்கொண்டிருப்பவர். உங்களைவிடக் கூர்மையாகத் துணி பார்க்கத் தெரிந்தவராகவும் இருக்கலாம். நீங்கள் இரண்டாயிரம் என்றால் அவர் நம்பப் போவதில்லை, நம்பாதது போலவும் காட்டப் போவதில்லை.

ஒருவேளை அவர் வாங்கப்போகிறவராகக் கேட்டிருக்கலாம். "உங்களுக்கு எடுக்கணுமா? வீட்ல விசேஷமா?" என்று கேளுங்கள். ஆமாம் என்றால் உட்கார்ந்து கடை, தள்ளுபடி மாதம், எந்த விலையில் எது கிடைக்கும் எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். சும்மா கேட்டார் என்றால், "கொஞ்சம் கூடத்தான் ஆச்சும்மா, தங்கச்சி கல்யாணத்துக்கு எடுத்தது" என்று சொல்லி எண்ணை விட்டுவிடலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். போன வாரம் அவர் இரண்டாயிரம் முன்பணம் கேட்டு, "இந்த மாசம் கையில இல்லம்மா" என்று நீங்கள் சொல்லியிருந்தீர்கள் என்றால், இந்த அத்தியாயத்தில் உள்ள எந்தப் பதிலும் உதவாது. அவருடைய கேள்வி விலையைப் பற்றியதே இல்லை. முன்பணத்தைக் கொடுத்துவிட்டுப் பேசுங்கள்.

மூன்றாவது, குழந்தைகள். தீபாவளிக் காலையில் எண்ணெய் வாடை போவதற்குள் தெருவில் ஆரம்பித்துவிடும்: "உன் டிரஸ் எவ்வளவு? என்னுது ரெண்டாயிரம்." எட்டு வயதுக்கு வெட்கம் தெரியாது, எண் மட்டும் நன்றாகத் தெரியும். சொல்லாதே என்று தடுத்தால் அது ரகசியத்துக்கு உரிய மதிப்பைப் பெற்றுவிடும். பிள்ளைகளைக் கடைக்கு அழைத்துப்போவதைத் தவிர்க்க முடியாது. விலைச் சீட்டை அவர்கள் கையிலிருந்து வாங்கிவைக்கலாம். கேட்டால் "எங்கப்பா எடுத்தாரு, தெரியாது" என்று சொல்லிவிட்டு வெடிக்கு ஓடும் பிள்ளை பிழைத்துக்கொள்ளும். வண்ண உடை போட்டுவரலாம் என்று பள்ளியில் அறிவிக்கும் பிறந்தநாளிலும் இதே ஏற்பாடுதான்.

நான்காவது, குடும்ப வாட்ஸ்அப் குழு. நீங்கள் போட்ட படத்துக்குக் கீழே அறுபது பேர் முன்னிலையில் சித்தி "எவ்வளவு?" என்று எழுதிவிடுவார். குழுவில் ஒரு கும்பிடு பொம்மையைப் போட்டுவிட்டு, தனியாக அவருக்கு மட்டும் தொகையையும் கடையையும் அனுப்புங்கள். எழுத்தில் நின்ற விலை அடுத்த கல்யாணம் வரை நிற்கும்.

ஆண்கள், அயலூர்க்காரர்கள்

ஆண்களிடம் இந்தக் கேள்வி குறைவு, வந்தாலும் "சட்டை ஒரிஜினலா?" என்ற வடிவில் வரும். திருப்பூர் ஏற்றுமதி மிச்சத்தில் முந்நூறு ரூபாய்க்கு எடுத்தது என்று சொல்வதில் அவர்களுக்கு வெட்கமில்லை, ஒருவிதக் கர்வம்தான். பிராண்டுச் சட்டைக்கு மட்டும் ஒரு தகவல்: 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையுள்ள ஆயத்த ஆடைக்கு 5 சதவீதமும் அதைத் தாண்டினால் 18 சதவீதமும் ஜி.எஸ்.டி. விழுகிறது. விலை சொல்லும்போது வரியோடா இல்லாமலா என்று சொல்லிவிட்டால் நண்பர் கவுண்டரில் முழிக்க வேண்டாம். அலுவலகத்தில் மேலாளர் கேட்டால் நான் நழுவித்தான் சொல்வேன். சட்டை விலையிலிருந்து சம்பள உயர்வைக் கணக்கிடும் ஆட்களை எனக்குத் தெரியும்.

வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகள் ஊருக்கு வந்தால் இந்தக் கேள்வியில் மிரண்டுபோவார்கள். அமெரிக்காவில் உடை நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு அதோடு விடுவார்கள், விலைக்குப் போவதில்லை. இங்கே மாமா முதல் நாளே "டாலர்ல எவ்வளவு?" என்பார். பிள்ளை தொகையைச் சொன்னதும் எண்பதாலோ தொண்ணூறாலோ பெருக்கி, "ஒரு டீ ஷர்ட்டுக்கா!" என்று வீட்டையே கூட்டுவார். அந்தப் பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: மாமா விசாரணை செய்யவில்லை, பேச்சைத் தொடங்குகிறார். "தள்ளுபடியில எடுத்தது மாமா, உங்க சட்டை எங்க தைச்சீங்க?" என்று திருப்பிக் கேட்டால் அரை மணி நேரத்துக்கு மாமாதான் பேசுவார்.

நீங்கள் கேட்கும்போது

விலை கேட்பவராக நீங்களும் ஒருநாள் இருப்பீர்கள். முதலில் "எங்க எடுத்தீங்க?" என்று கேளுங்கள். எண்ணைச் சொல்ல விரும்புபவர் கடையோடு சேர்த்தே சொல்லிவிடுவார். கடைப் பெயரோடு நிறுத்திக்கொண்டார் என்றால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது. எதற்காகக் கேட்கிறீர்கள் என்பதையும் கூடவே சொல்லிவிடுவது நல்லது: "எங்க அக்கா பொண்ணு வளைகாப்புக்கு எடுக்கணும், இது எந்த ரேஞ்ச்?" கேள்வியிலிருந்து குத்தல் போய்விடும். மணப்பெண்ணிடம் கேட்காதீர்கள். அவளைச் சுற்றி நிற்கும் இரண்டு வீட்டாரும் அந்தப் பதிலைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

கட்டியிருப்பது எப்படி வந்தது என்று தெரியாதவரிடமும் வேண்டாம். தமிழக அரசு பொங்கலுக்கு இலவச வேட்டி சேலை கொடுக்கும் திட்டம் 1983-இல் தொடங்கியது. அந்தச் சேலையை நன்றாகக் கஞ்சி போட்டு, மடிப்பு நிற்கக் கட்டிக்கொண்டு விசேஷத்துக்கு வருபவர்கள் இருக்கிறார்கள். அக்காவிடமிருந்து வந்தது, முதலாளியம்மா கொடுத்தது, ஒருநாள் இரவல் என்று பலவிதம். "உங்களுக்கு இந்தக் கலர் எடுப்பா இருக்கு" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம்.

கடைசியாக ஒரு சூழல், இதில் பலர் சறுக்குகிறார்கள். நீங்கள் சொன்ன கடைக்கே போய், நீங்கள் சொன்ன விலையை மனத்தில் வைத்து, ஒருவர் புடவை எடுத்துக்கொண்டு நேராக உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். பையைத் திறந்து மடியில் விரிக்கிறார். "ஏழு கொடுத்தேன். சரியா கொடுத்திருக்கேனா?" உங்களுடையது ஆறரை. இப்போது நேர்மையைக் காட்டத் தோன்றும். புடவைக்கு ஃபால்ஸ் தைக்கவில்லை, பில் இருக்கிறது, மாற்றிக்கொள்ள நாளும் இருக்கிறது, துணியிலும் இழை குறைவோ கறையோ தெரிகிறது என்றால் சொல்லுங்கள், இன்றைக்கே சொல்லுங்கள். வெறும் ஐந்நூறு ரூபாய் வித்தியாசம் மட்டும்தான் என்றால் காபி போட எழுந்துகொண்டே சொல்லுங்கள்: "இந்த அரக்கு இப்போ கிடைக்கிறதே இல்ல. ஜாக்கெட்டுக்கு யார்கிட்ட கொடுக்கப் போறீங்க?"